தோல் வரைக்கும்

அந்தப் பைய மடியில தூக்கி வைக்காதிய அண்ணாச்சி, வேட்டியில கறை பட்டுரும். இங்க தாங்க. நீங்க உக்காருங்க, பெஞ்சுல இடம் கிடக்கு. பைக்குள்ள வேற ஒண்ணுமில்ல, என் மவனோட கராத்தே டிரஸ். உள்ள கொண்டு போன உடனே நர்சம்மா கத்திரியை வச்சு நெஞ்சுக்கு நேரா வெட்டி எடுத்துட்டாவ. கழத்த நேரமில்லையாம். வெட்டுனா வெட்டிட்டுப் போட்டும், தச்சுக்கிடலாம். ரத்தம் காஞ்சு போச்சுன்னாத்தான் பெரும்பாடு. இந்தக் குழாயைப் பாத்தியளா? திறந்தா காத்துதான் வருது. கரண்ட் இல்லியாம். கரண்ட் வந்தா மோட்டார் போடுவோம்னு வாச்மேன் சொல்லுதான். அதைப் பாத்துக்கிட்டேதான் நானும் உக்காந்திருக்கேன்.

உங்களுக்கு யாரு உள்ள? மச்சினனா? பைக்குல விழுந்தானா? கால்தானே, கவலைப்படாதிய, கால் கூடிக்கிடும். என் மவனுக்குத் தலை. டெரன்ஸ்னு பேரு. மண்டைக்குள்ள ரத்தம் கட்டியிருக்கு, இன்னைக்குப் பொழுதைத் தாண்டணும்னு டாக்டரம்மா சொல்லுதாவ. டாக்டர்மாரு அப்படித்தான் சொல்லுவாவ. நல்லா வந்துட்டா அவங்க கெட்டிக்காரத்தனம், இல்லன்னா முன்னாடியே சொன்னோமேம்பாவ. அவன் என் மவன் அண்ணாச்சி, எந்திரிச்சு வந்துருவான். அந்தா கதவுகிட்ட நிக்காளே பச்சைச் சேலை, அவதான் என் வீட்டுக்காரி ரோஸ்லின். என்னையக் கிட்ட வரவிட மாட்டேங்கா. பொம்பளைக்கு என்ன தெரியும்.

அடிச்சது யாரா? நான்தான். இதுல மறைக்க என்ன இருக்கு. நான் கராத்தே மாஸ்டர். கித்தேரியான் மாஸ்டர் வீடு எதுன்னு கடற்கரைப் பக்கம் யாரைக் கேட்டாலும் கையை நீட்டுவான். காலையில கிளாசுல, பயலுவ பூராவும் சுத்தி உக்காந்திருக்கானுவ, அவனுவளுக்கு முன்னால வச்சு அடிச்சேன். ஒரே அடி. ஏன் அடிச்சேன்னு கேக்கணும்லா? அதை இங்க எவனும் கேக்க மாட்டேங்கான். அடிச்சியா, அடிச்சியான்னுதான் கேக்கான். நீங்களாவது கேளுங்க. ஆனா அதைச் சொல்லணும்னா எங்க ஜப்பான் மாஸ்டர்ல இருந்து ஆரம்பிக்கணும்.

நிஜ ஜப்பான்காரரு அண்ணாச்சி. சிரிக்காதிய. சுனகாவான்னு பேரு, நாங்க சுனா மாஸ்டர்ம்போம். அப்ப இங்க இருந்து ஜப்பானுக்கு இறால் போகும்லா, அந்தச் சரக்கைப் பாத்து நல்லது கெட்டது பிரிக்க கம்பெனிக்காரன் அனுப்பின ஆளு. வந்தவரு திரும்பிப் போகல. மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால ஒரு பழைய உப்புக் கிடங்கைப் பிடிச்சு கிளாஸ் ஆரம்பிச்சுட்டாரு. ஆளு என் தோளுக்குத்தான் வருவாரு. இடுப்புல சாரத்தைக் கட்டிக்கிட்டு தெருவுல நடந்தா எவனும் திரும்பிப் பாக்க மாட்டான். கையை மட்டும் பாக்கணும். முட்டி எல்லாம் ஒண்ணாச் சேந்து, தோலு கறுத்துத் தடிச்சு, ஆட்டுக் குளம்பு மாதிரி இருக்கும். கிடங்கு வாசல்ல ஒரு பனங்கட்டையை நட்டு, கயித்தைச் சுத்தி, விடியக்காலம் அதைக் குத்துவாரு. மாதா கோயில் மணி அடிக்கிறதுக்கு முந்தி அந்தச் சத்தம்தான் எங்க தெருவை எழுப்பும். முட்டி கிழிஞ்சு கயிறெல்லாம் ரத்தமாக் கிடக்கும். முகத்துல ஒண்ணும் தெரியாது.

எங்க ஆளுவகிட்டயே தமிழ் படிச்சதால, ஜப்பான் மூஞ்சியை வச்சுக்கிட்டு "ஏல"ம்பாரு. ஆனா நீட்டிப் பேச வராது. அவரு சொல்லித் தந்ததெல்லாம் ஒரே பேச்சுதான். "தோல் வரைக்கும் வா. தோலுக்கு உள்ள போகாத." அவ்வளவுதான். கை முழு வேகத்துல போகணும், எலும்பை உடைக்கிற வேகம். ஆனா எதிராளி தோலுல வந்து நிக்கணும். கொசு உக்காந்த மாதிரி. அவனுக்குக் காத்து மட்டும் தெரியணும், வலி தெரியக் கூடாது. அடிக்கிறதை ஒரு மாசத்துல படிச்சுக்கிடலாம், நிறுத்துறதைப் படிக்க ஆயுசு வேணும்பாரு.

எனக்கு அது அப்பவே பிடிக்கல. ஒளிக்காமச் சொல்லுதேன். நாளைக்கு ஒருத்தன் கத்தியோட வந்தா அவன் தோலுல கொண்டு போய் கையை வச்சுக்கிட்டு நிக்கவா? அவன் நம்ம மூஞ்சியைப் பாத்துக் கும்பிடவா போறான்?

இன்னொரு சட்டம் வச்சிருந்தாரு. நிறுத்தத் தவறி அடி உள்ள போய் ரத்தம் வந்துட்டுன்னு வைங்க, அடிச்சவன்தான் அடிபட்டவன் டிரஸைத் துவைக்கணும். கையாலதான். அடிபட்டவன் பக்கத்துல ஸ்டூலப் போட்டு உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பான். வேற எவனும் ஒரு வாளி தண்ணிகூட கோரிக் குடுக்கக் கூடாது. துவைச்சு, காயப்போட்டு, மடிச்சு, ரெண்டு கையாலயும் அவன்கிட்ட குடுத்துத் தலை குனியணும். அதுக்கு அப்புறம்தான் கிளாசுல சேப்பாரு.

மத்த பயலுவளுக்கு அது உயிர் போற காரியம். மட்டக்கடைத் தெருப் பய ஒருத்தன், என்னைவிடத் தடியன், கூட்டாளியோட பல்லைத் தெரியாம உடைச்சுட்டான். கிடங்குத் தண்ணித் தொட்டிகிட்ட உக்காந்து துவைக்கான், கண்ணுல தண்ணி ஊத்துது. பக்கத்துல பல்லு போனவன் வாயில துணியை வச்சுக்கிட்டு, "விடுல, விடுல"ங்கான். அன்னையில இருந்து அந்தத் தடியன் கை எவன் மேலயும் படல. அவ்வளவுதான் அவன் கதை முடிஞ்சுட்டு. பயந்தாங்கொள்ளி.

எனக்கு அப்படி ஒண்ணும் இல்ல. சட்டம் சட்டம்தானே. அடிச்சேனா, துவைச்சேனா, நேர் ஆச்சா, அடுத்த ஃபைட்டுக்கு வா. தொட்டிப் பக்கம் என்னைய விட அதிகம் உக்காந்தவன் அந்தக் கிடங்குல கிடையாது. அதனாலேயே எனக்கு அந்த வேலை அத்துப்படி. பயலுவ பிரஷ்ஷைப் போட்டுத் தேய்ப்பானுவ, தேய்ச்சா நூலுக்குள்ள இறங்கிரும். நான் ஈரம் காயுமுன்ன பச்சைத் தண்ணியில முக்கி, கல்லுப்பு ஒரு கை அள்ளிப் போட்டு, ரெண்டு பெருவிரலுக்கும் நடுவுல வச்சுக் கசக்குவேன். சுடுதண்ணி மட்டும் ஆகவே ஆகாது. சுடுதண்ணி பட்டா வெந்து பிடிச்சுக்கிடும், பெறகு அந்த ஆண்டவனே வந்தாலும் போகாது. நான் துவைச்ச டிரஸ்ல கறை இருந்த இடத்தை நீங்க கண்ணாடி போட்டுத் தேடினாலும் கிடைக்காது.

மாஸ்டருக்கு அடிக்க வராதுன்னு நினைச்சுராதிய. அந்தக் கிடங்கு மேல ஒரு மீன் ஏவாரிக்குக் கண்ணு. காலி பண்ணச் சொல்லி மூணு பேரை அனுப்பினான். மத்தியான நேரம், கிடங்குல நானும் மாஸ்டரும்தான். முன்னால வந்தவன் கையில சூரை மீன் வெட்டுற கத்தி. வாயத் திறந்து ஒரு வார்த்தை பேசல, நேரா வயித்துக்கு வீசினான். மாஸ்டரு ஒரு அடி உள்ள போனாரு. பின்னால இல்ல அண்ணாச்சி, உள்ள. கத்திக்காரன் தோள்பட்டை எலும்பு உடைஞ்ச சத்தம் எனக்குக் கேட்டுது, காஞ்ச ஓலை மட்டையை மிதிச்ச மாதிரி. அவன் விழுமுன்ன ரெண்டாமத்தவன் வாயில முழங்கை. பல்லும் ரத்தமுமா உப்புத் தரையில தெறிக்குது. மூணாவது பய வந்த வேகத்துல நெஞ்சை நீட்டிக்கிட்டு நிக்கான், மாஸ்டர் கை போச்சு. போய் நின்னுட்டு. அவன் சட்டை பட்டன் மேல நின்னுட்டு. அந்தப் பய நின்ன இடத்துலயே மூத்திரம் விட்டுட்டான்.

எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. அடிச்சாருன்னா அடி, அதுதான் அடி. ஆனா அடுத்தாப்புல என்ன செஞ்சாரு தெரியுமா? கீழ கிடந்த ரெண்டு பேரையும் தூக்கி உக்கார வச்சு, தோளுக்குத் துணி கட்டி, அவனுவ சட்டையைக் கழத்தி வாங்கி, தொட்டிகிட்ட போய் உக்காந்து துவைக்க ஆரம்பிச்சுட்டாரு. ரவுடிப் பயலுவ சட்டையை! அவனுவ பனியனோட உக்காந்து முழிக்கானுவ. நான் சிரிச்சுட்டேன். வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சேன். மாஸ்டரு நிமிந்து என்னையப் பாத்தாரு. பெறகு ரொம்ப நாளு என்கிட்ட பேசல.

பேசினப்போ இதைத்தான் சொன்னாரு. ஒசாகான்னு ஒரு ஊரு இருக்காம், துறைமுகம். இவரு ஒகினாவாத் தீவு. உலகச் சண்டையில குண்டு விழுந்து அப்பன் செத்து, சித்தப்பங்காரன் அடியில வளந்து, வயித்துப் பொழைப்புக்கு ஒசாகாவுல மூட்டை தூக்க வந்திருக்காரு. தீவுக்காரன்னா அங்க ஒரு எளக்காரம். கூட வேலை செஞ்ச பய ஒருத்தன், இவரு தட்டுல சோத்தைப் பாத்து என்னமோ சொல்லியிருக்கான். என்ன சொன்னான்னு மாஸ்டரு கடைசி வரைக்கும் சொல்லல. ஒரே குத்து. நெஞ்சுல. அவன் எல்லாரையும் பாத்து முதல்ல சிரிச்சானாம். பெறகு வாயில இருந்து ரத்தம் வந்துதாம். சட்டை முன்பக்கம் பூரா நனைஞ்சு, அப்படியே மடங்கி விழுந்துட்டான். சோத்துத் தட்டு இவரு கையிலயே இருந்துதாம்.

செயிலு. வருசக்கணக்குல. வெளிய வந்ததும் நேரா அந்தப் பய அம்மா வீட்டுக்குப் போயிருக்காரு, மன்னிப்பு கேக்க. வாசல்ல மண்டி போட்டு நெத்தியைத் தரையில வச்சிருக்காரு. அந்தம்மா உள்ள போய் ஒரு சட்டையக் கொண்டாந்து இவரு தலையில எறிஞ்சிருக்கா. செத்தப்போ போட்டிருந்த சட்டை. போலீஸ்காரன் திருப்பிக் குடுத்ததை அப்படியே வச்சிருந்திருக்கா. "இதைத் துவைச்சுக் குடு"ன்னிருக்கா. இவரு கிணத்தடியில உக்காந்து காலையில இருந்து துவைச்சிருக்காரு. அந்தம்மா பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்திருக்கா. பொழுது அடையுத வரைக்கும் துவைச்சும் போகல. கை தோலு உரிஞ்சு புது ரத்தம் அதுல ஒட்டினதுதான் மிச்சம். பெறகு அந்தம்மாவே கையப் பிடிச்சு, போதும்னுட்டு, சட்டையை வாங்கி, கறையோடயே கொடியில போட்டாளாம். மாஸ்டரு இதைச் சொல்லும்போது அழுதாரு. அவரு அழுது நான் அன்னைக்குத்தான் பாத்தேன்.

எனக்குக் கேட்ட உடனே விளங்கிட்டு. அத்தனை வருசம் காய விட்டா எப்படிப் போகும்? அன்னைக்கே பச்சைத் தண்ணியில முக்கியிருக்கணும். இதைத்தான் மாஸ்டர்கிட்டயும் சொன்னேன். "மாஸ்டர், ஈரத்தோட உப்புப் போட்டிருந்தா போயிருக்கும்"னேன். அவரு என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு. மலைச்சுப் போயிட்டாருன்னு வைங்களேன்.

என்ன அண்ணாச்சி, தள்ளித் தள்ளிப் போறிய? வெயிலா? அந்தப் பக்கம்தான் வெயில் அடிக்கும், இங்க வாங்க.

இப்ப பிரகாசி கதைக்கு வாரேன். கருவாட்டுக் கடைக்காரி மவ. கிளாசுல எனக்குப் பின்னால சேந்தவ. குச்சி மாதிரி இருப்பா. அவ கை எங்க வேணும்னாலும் வரும், கண்ணுக்கு நேரா வரும், ஆனா இமை முடியில வந்து நின்னுரும். ஒரு நாளும் எவன் மேலயும் பட்டதில்ல. தொட்டிப் பக்கம் ஒரு நாள்கூட அவ உக்காந்ததில்ல அண்ணாச்சி! சுடுதண்ணி ஆகுமா ஆகாதான்னுகூட அவளுக்குத் தெரியாது. அவ டிரஸையே நான் எத்தனை தடவை துவைச்சுக் குடுத்திருக்கேன். மூக்கு, உதடு, ஒரு தடவை புருவம். ஸ்டூல்ல உக்காந்து என்னையப் பாத்துக்கிட்டு இருப்பா. ஒரு தடவை கேட்டா, "அண்ணே, உனக்குக் கை கூசலியா"ன்னு. பச்சைத் தண்ணிதானே, என்ன கூச்சம்னு சொன்னேன்.

மாஸ்டருக்கு வயசாச்சு. பக்கவாதம் வந்து இடது கை விழுந்துட்டு. கிடங்கை யாருக்கு விட்டுட்டுப் போறாருன்னு பேச்சு வந்துது. எனக்குத்தான்னு ஊருக்கே தெரியும். மூத்தவன் நான், வந்த சண்டையில எல்லாம் ஜெயிச்சவன் நான். ஒரு நாளு எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டு, எல்லாருக்கும் முன்னால நடுவுல வந்து நின்னாரு. வெள்ளை டிரஸ், இடது கை தொங்குது. "என் மூஞ்சிக்குக் குத்து, முழு வேகம்"னாரு.

முதல்ல பிரகாசி. கை போன சத்தம் கேட்டுது, கதவு அடிச்ச மாதிரி. மாஸ்டர் மூக்கு மேல நின்னுட்டு. அவரு கண்ணு சிமிட்டல. கையை எடுத்துட்டுக் குனிஞ்சா.

பெறகு நான். மாஸ்டரு என் கண்ணைப் பாத்துக்கிட்டே நிக்காரு. தடுக்கக் கையத் தூக்கல. எனக்கு என்ன தோணிச்சுன்னா, இவ்வளவு பெரிய ஆளுக்கு முன்னால போய் நிறுத்தினா அது அவருக்கு அவமரியாதை. நோயாளின்னு இரக்கப்பட்ட மாதிரி ஆயிரும். முழு வேகம்னு அவரே சொல்லியிருக்காரு. குத்தினேன். மூக்கெலும்பு என் முட்டிக்கு அடியில நொறுங்கினது எனக்கு இப்பவும் கையில இருக்கு. பின்னால போய் விழுந்தாரு, தலை தூணுல இடிச்சுது. எல்லாரும் கத்துதானுவ. பிரகாசி ஓடிப்போய் தலையை மடியில வச்சுக்கிட்டு, "ஏன்ணே, ஏன்ணே"ங்கா. இதென்ன கேள்வி? வெள்ளை டிரஸ் கழுத்துல இருந்து பெல்ட் வரைக்கும் சிவந்துட்டு.

சட்டத்தை நான் மறக்கல அண்ணாச்சி. அங்கேயே டிரஸைக் கழத்தி வாங்கி, தொட்டிக்குக் கொண்டு போயிட்டேன். நான் துவைச்சதுலேயே அதுதான் உசத்தி. கொடியில காய்ஞ்சப்போ கண்ணு கூசிச்சு. மடிச்சுக் கொண்டுபோய் ரெண்டு கையாலயும் நீட்டினேன். கட்டில்ல படுத்திருந்தாரு, மூஞ்சி வீங்கி கண்ணே தெரியல. விரிச்சுப் பாத்தாரு. திருப்பித் திருப்பிப் பாத்தாரு, கறை எங்கன்னு தேடுற மாதிரி. பெறகு சொன்னாரு, "கித்தேரி, உனக்குத் துவைக்கத் தெரிஞ்சு போச்சு. என் தப்பு."

அதுல தப்பு எங்க வந்துது? எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கல. தலையில அடிபட்ட மனுசன் என்னமோ சொல்லிட்டாரு. அந்த டிரஸையும், பெல்ட்டையும், கிடங்குச் சாவியையும் பிரகாசி கையில குடுத்துட்டாரு. நான் துவைச்ச டிரஸ்! அதுக்கு அப்புறம் அவரு ரொம்ப நாள் இருக்கல. ஊருல நாலு பேரு நாலு விதமாப் பேசுவான். மூக்கு உடைஞ்சா எவனாவது சாவானா? வயசு, அவ்வளவுதான்.

நான் சும்மா இருந்துருவனா? ஐஸ் பேக்டரிக்குப் பக்கத்துல ஷெட்டுப் போட்டு கிளாஸ் ஆரம்பிச்சேன். இங்க நிறுத்துற வேலையே கிடையாதுன்னு சொல்லித்தான் ஆள் சேத்தேன். போட்டிக்குப் போனா என் பயலுவ எதிராளியைத் தூக்கிக்கிட்டுப் போக வைப்பானுவ. டெரன்ஸை நடக்கத் தெரிஞ்ச நாள்ல இருந்து நானே பழக்கினேன். மாஸ்டர் சட்டத்தை நான் விடல. எப்ப அவனுக்கு ரத்தம் வந்தாலும் நானே துவைப்பேன். அவன் சின்னப் புள்ளையில, முக்காலியில உக்காந்து மூக்குல பஞ்சை வச்சுக்கிட்டு என்னையவே பாத்துக்கிட்டு இருப்பான். எந்த அப்பன் அண்ணாச்சி மவன் டிரஸைத் துவைப்பான்? நீங்க துவைச்சிருக்கியளா? ரோஸ்லின் சேலையைக்கூட ரெண்டு மூணு தடவை நான் துவைச்சுக் குடுத்திருக்கேன். அந்த நன்றி இருக்கா பாருங்க அவளுக்கு.

இப்பத்தான் விசயத்துக்கு வாரேன். கொஞ்ச மாசமா இந்தப் பய கையில ஒரு மாத்தம். அடி விழ மாட்டேங்குது. விசாரிச்சா, கிடங்குக்குப் போறான். பிரகாசிகிட்ட! அம்மாக்காரிக்குத் தெரியும், அவதான் அனுப்பி வச்சிருக்கா. நான் ஒண்ணும் கேக்கல. இன்னைக்குக் காலையில கிளாசுல, எல்லாருக்கும் முன்னால, "வால, என் கூட ஃபைட்டுக்கு"ன்னு கூப்பிட்டேன். வேண்டாம்ப்பான்னான். வாலன்னேன்.

நல்லா வளத்திருக்கேன் அண்ணாச்சி, அதைச் சொல்லாம இருக்க முடியாது. நான் போட்ட அடியெல்லாம் தட்டி விடுதான். எனக்கு மூச்சு வாங்குது. நான் வலது கையை வீசினேன், அவன் உள்ள வந்தான். பின்னால இல்ல, உள்ள. அவன் கை என் தொண்டைக்கு வந்துது. வந்த வேகத்துக்கு என் கொரவளை உடைஞ்சு நான் அங்கேயே கிடந்திருக்கணும். நின்னுட்டு. தோலுல நின்னுட்டு. அவன் விரல் சூடு என் தொண்டையில தெரியுது. என் கண்ணைப் பாத்து, மெதுவா, எனக்கு மட்டும் கேக்க, "போதும்ப்பா"ன்னான்.

எல்லாப் பயலுவளும் பாத்துட்டானுவ. மாஸ்டரை மவன் கொன்னுருக்கலாம், விட்டுட்டான்னு ஒவ்வொருத்தன் மூஞ்சியிலயும் எழுதியிருக்கு. அவன் கையை இறக்கிட்டு, கிடங்குல செய்யுத மாதிரி, தலையைக் குனிஞ்சான். எனக்குக் குனிஞ்சான்.

எதிராளி நிக்கும்போது தலையைக் குனியலாமா? கண்ணை எடுக்கலாமா? அதைத்தானே நான் அவனுக்குச் சொல்லித் தந்தேன், சின்ன வயசுல இருந்து? அதைக் காட்டத்தான் அடிச்சேன். காதுக்கு மேல, இங்க. குனிஞ்ச வாக்குல விழுந்ததுல, சிமெண்டுத் திண்டு விளிம்புல தலை பட்டுட்டு. காதுல இருந்து ரத்தம், மூக்குல இருந்து ரத்தம். கை மட்டும் கொஞ்ச நேரம் இப்படி இப்படித் துடிச்சுது. பெறகு நின்னுட்டு. ஒருத்தனும் கிட்ட வரல. நான்தான் தோளுல போட்டு ஆட்டோவுக்குத் தூக்கிட்டு ஓடினேன். வழி பூரா "ஏல டெரன்சு, ஏல டெரன்சு"ன்னு கூப்பிட்டுக்கிட்டேதான் வந்தேன். அதை எவன் சொல்லுதான்?

அந்தா, ரோஸ்லின் பக்கத்துல வந்து நிக்காளே, நரைச்ச முடி, அவதான் பிரகாசி. யாரு வரச் சொன்னாவளோ. அவளை மட்டும் உள்ள விடுதாவ பாத்தியளா? பெத்தவன் வெளிய, அவ உள்ள. எங்க போனாலும் எனக்கு இதே கதைதான்.

ஃபேன் சுத்துது! கரண்ட் வந்துட்டு அண்ணாச்சி. மோட்டார் சத்தம் கேக்குது. வாங்க, வாங்க, இந்தப் பையப் பிடிங்க. குழாய் வருது பாருங்க, முதல்ல துருவா வரும், விடுங்க வரட்டும்... ஆ. ஐயோ, சுடுதே. மொட்டை மாடியில வெயில் குடிச்ச இரும்புக் குழாய் வழியா வருது, கொதிக்குது. இதுல எப்படி முக்குவேன்? வெந்து பிடிச்சுக்கிடுமே. இந்தா பாருங்க, கழுத்துப் பட்டியெல்லாம் அதுக்குள்ள காஞ்சு மொடமொடன்னு ஆயிட்டு. உங்க மச்சினனுக்கு ஐஸ் தண்ணி பாட்டில் வச்சிருக்கியளே, அதைக் குடுங்க. அவனுக்குக் கால்தானே, பெறகு வாங்கிக்கிடலாம்.

இருங்க. கேட்டுதா? ரோஸ்லின்தான். பேரைச் சொல்லிக் கூப்பிடுதா. "டெரன்சே, டெரன்சே"ங்கா, கேக்குதா? முழிச்சுட்டான். நான் சொன்னேன்லா, எந்திரிச்சு வந்துருவான்னு? சந்தோசத்துல கத்துதா, பொம்பளைக்குச் சந்தோசம் வந்தாலும் அப்படித்தான் இருக்கும். பிரகாசி ஏன் வெளிய வந்து தரையில உக்காந்துட்டா? அவளுக்கு என்ன வந்துது.

எந்திரிக்காதிய அண்ணாச்சி. எங்க போறிய? அவன் எந்திரிச்சு வந்தா டிரஸ் கேப்பான். நான் அங்க போகணும், போறேன், போகாம இருப்பனா, இதை முடிச்சுட்டுப் போறேன். ஊத்துங்க. கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க. துவைக்கும்போது அவன் பக்கத்துல உக்காந்து பாக்கணும், அதான் சட்டம். இன்னைக்கு ஒரு நாளு மட்டும், அவனுக்குப் பதிலா நீங்க உக்காந்துக்கிடுங்க.